ஆட்ட விதிகளின் அரசியல்: வீடியோ கேம்களை வாசிப்பது எப்படி?

2003ஆம் ஆண்டு உருகுவே நாட்டைச் சேர்ந்த கொன்சாலோ ஃப்ராஸ்கா என்ற வடிவமைப்பாளரும் அவருடைய குழுவினரும், இணைய உலாவியிலேயே விளையாடக்கூடிய சிறிய ஆட்டம் ஒன்றை வெளியிட்டார்கள். அதன் பெயர் ‘செப்டம்பர் 12’. திரையில் மத்தியக் கிழக்கைச் சேர்ந்த ஓர் ஊர் தெரிகிறது. தெருக்களில் பொதுமக்கள் நடமாடுகிறார்கள். அவர்களுக்கு நடுவே ஆயுதம் ஏந்திய தீவிரவாதிகள் சிலரும் திரிகிறார்கள். விளையாடுபவர் கையில் இருப்பது ஏவுகணை மட்டுமே. குறிபார்த்துப் பொத்தானை அழுத்தினால் அது உடனே பாய்வதில்லை, சற்றுத் தாமதித்தே வந்து விழுகிறது. அதற்குள் குறிவைக்கப்பட்டவர் நகர்ந்துவிடுகிறார். வீடுகள் இடிந்து, அருகில் இருந்த பொதுமக்கள் இறக்கிறார்கள். இறந்தவர்களைச் சுற்றி மற்றவர்கள் கூடி அழுகிறார்கள். அழுதவர்களில் சிலர், அழுகை ஓயும்போது தீவிரவாதிகளாக மாறிவிடுகிறார்கள். இதில் வெல்லவும் முடியாது, தோற்கவும் முடியாது என்று தொடக்கத்திலேயே அறிவிப்பு ஒன்று சொல்லிவிடுகிறது.

ஏவுகணையால் தீவிரவாதத்தை ஒழிக்க முயன்றால் அது பெருகவே செய்யும் என்ற இந்தக் கருத்தை ஒரு தலையங்கம் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடும். ஒரு கேலிச்சித்திரம் ஒரே பார்வையில் உணர்த்திவிடும். ஆட்டம் அதைச் சொல்வதே இல்லை. ஊர் எப்படி இயங்க வேண்டும் என்பதற்கு நான்கைந்து விதிகளை வகுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. விளையாடுபவர் தம் கையால் பொத்தானை அழுத்தி, அதன் விளைவைப் பார்த்து, மீண்டும் அழுத்தி, அந்த முடிவுக்குத் தாமாகவே வந்து சேர்கிறார். அமெரிக்க ஆய்வாளர் இயன் போகோஸ்ட் 2007இல் வெளிவந்த தம் நூலில் இந்த வகை எடுத்துரைப்புக்குத் தனிப் பெயரே கொடுத்து விரிவாக விளக்கினார். தமிழில் அதை ‘விதிவழி வாதம்’ என்று அழைக்கலாம். சொல்லாலும் படத்தாலும் வாதிடுவதைப் போல, ஒரு செயல்முறையை அமைத்துக் காட்டியும் வாதிட முடியும் என்பதே அதன் சாரம். வீடியோ கேம்களின் அரசியலைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் முதலில் கைக்கொள்ள வேண்டிய கருத்து இதுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. விதிவழி வாதம் வலிமையானது என்பதாலேயே அது உண்மையாகிவிடாது. ஏவுகணை தாமதமாகத்தான் விழ வேண்டும் என்று முடிவு செய்தவர் ஃப்ராஸ்கா. ஏவுகணையைத் தவிர வேறு வழி எதையும் கொடுக்க வேண்டாம் என்று முடிவு செய்தவரும் அவரே. அவருடைய கருத்தை ஏற்காதவர் அதே ஊரை வேறு விதிகளால் இயக்கி, நேர்மாறான முடிவுக்கு நம்மை அழைத்துச் செல்லலாம். கட்டுரையில் வாதம் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் மறுப்பது எளிது. ஆட்டத்தில் வாதம் இயற்கை நியதியைப் போல வேடமிட்டு வருவதால், மறுக்க வேண்டும் என்ற எண்ணமே பெரும்பாலும் எழுவதில்லை.

இந்த உத்தி கணினிக்கு முந்தியது. எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண்மணி 1904இல் ‘நிலக்கிழார் ஆட்டம்’ என்ற பலகை விளையாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். நிலத்தின் மதிப்புக்கு மட்டும் வரி விதித்தால் போதும் என்று வாதிட்ட ஹென்றி ஜார்ஜின் பொருளியல் கொள்கையில் பற்றுக்கொண்டவர் அவர். நிலம் சிலர் கையில் குவிந்தால் மற்றவர்கள் எப்படி நொடித்துப்போவார்கள் என்பதை விளையாடியே உணர வேண்டும் என்பதற்காக, ஒருவரே எல்லாவற்றையும் சுருட்டும் விதிகளையும், செல்வம் பலருக்கும் பகிரப்படும் விதிகளையும் தனித்தனியே வகுத்தார். அந்த ஆட்டத்தின் வழித்தோன்றல்தான் இன்று உலகெங்கும் விற்கும் ‘மோனோபொலி’. சுருட்டும் விதிகள் தழைத்தன. பகிரும் விதிகள் மறக்கப்பட்டன. ஒரு விதியை மாற்றினாலே ஆட்டத்தின் அரசியல் தலைகீழாகிவிடும் என்பதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

பனிப்போர்க் காலத்தில் இந்த உத்தி திரைக்கு வந்தது. 1980இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட ‘மிசைல் கமாண்ட்’ ஆட்டத்தில், வானிலிருந்து விழும் ஏவுகணைகளிடமிருந்து ஆறு நகரங்களைக் காக்க வேண்டும். எவ்வளவு திறமையாக விளையாடினாலும் தாக்குதலின் வேகம் கூடிக்கொண்டே போய், இறுதியில் எல்லா நகரங்களும் அழிந்துவிடும். வெற்றி என்ற முடிவே அந்த ஆட்டத்தில் எழுதப்படவில்லை. கிறிஸ் கிராஃபர்டு 1985இல் உருவாக்கிய ‘பேலன்ஸ் ஆஃப் பவர்’ இன்னும் கறாரானது. அமெரிக்க அதிபராகவோ சோவியத் தலைவராகவோ இருந்து, அணு ஆயுதப் போர் மூளாமல் தன் நாட்டின் செல்வாக்கைப் பெருக்க வேண்டும். வீம்பு முற்றிப் போர் மூண்டுவிட்டால் திரை கறுத்து, தோல்விக்கு நாங்கள் பரிசளிப்பதில்லை, ஆகவே காளான் மேகக் காட்சி எதுவும் காட்டப்படாது என்ற பொருளில் சில வரிகள் மட்டும் தோன்றும். வெடிப்பைக் கண்டு களிக்கலாம் என்று காத்திருந்தவருக்கு வெற்றுத் திரையே கிடைத்தது.

மேலே சொன்னவை அரசியலை வெளிப்படையாகப் பேச வந்த ஆட்டங்கள். அரசியல் எதுவும் இல்லை என்று நாம் நம்பும் ஆட்டங்களில்தான் விதிகளைக் கூர்ந்து கவனிக்க வேண்டியிருக்கிறது. 1989இல் வில் ரைட் உருவாக்கிய ‘சிம்சிட்டி’யில் நகரம் ஒன்றைக் கட்டி ஆள வேண்டும். குடியிருப்பு, வணிகம், தொழில் என்று நிலத்தைத் தனித்தனியாகப் பிரிப்பதே அடிப்படை வேலை. கீழே கடையும் மேலே வீடுமாக ஒரே மனையில் கட்டுவதற்கு வழியில்லை, உலகின் எத்தனையோ பழைய நகரங்கள் அப்படித்தான் வளர்ந்திருக்கின்றன என்றபோதிலும். நகர வளர்ச்சியைச் சமன்பாடுகளாக எழுத முடியும் என்று 1969இல் நூல் எழுதிய ஜே ஃபாரெஸ்டரின் கணினி மாதிரி ரைட்டின் மீது தாக்கம் செலுத்தியது. குறைந்த வருவாய் உடையோருக்கு அரசு வீடு கட்டித் தருவது நகரத்துக்குக் கேடாகவே முடியும் என்ற முடிவைத் தந்து, அக்காலத்தில் பெரும் சர்ச்சையைக் கிளப்பிய மாதிரி அது. ரைட் பிரசாரம் செய்ய எண்ணினார் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு நகரத்தைக் கணினிக்குள் அடக்க வேண்டுமானால் எதையாவது விட்டாக வேண்டும். எதை விடுவது என்ற தேர்விலேயே ஒரு பார்வை வந்து அமர்ந்துகொள்கிறது.

அரசுகளும் இயக்கங்களும் இதை அறியாதவை அல்ல. அமெரிக்க இராணுவம் 2002ஆம் ஆண்டு ஜூலை 4 அன்று, இளைஞர்களைப் படையில் சேரத் தூண்டும் நோக்கத்தோடு ‘அமெரிக்காஸ் ஆர்மி’ என்ற ஆட்டத்தை இலவசமாக வெளியிட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடத்தியது. அதில் நான் மிகவும் வியந்த விதி ஒன்று உண்டு. இரு அணிகள் மோதும்போது, எந்த அணியில் இருப்பவருக்கும் தம் அணியினர் அமெரிக்க வீரர்களாகவும் எதிரணியினர் பகைவர்களாகவும் தெரிவார்கள். எதிரில் நிற்பவரின் திரையில் இதே காட்சி புரண்டு கிடக்கும். ஆயிரக்கணக்கானோர் கூடி விளையாடியும் ஒருவர்கூடப் பகைவராக இருந்து பார்த்ததில்லை! 2003இல் லெபனானின் ஹிஸ்புல்லா இயக்கம், இஸ்ரேலியப் படையோடு தான் நடத்திய போரை வைத்து ‘ஸ்பெஷல் ஃபோர்ஸ்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டது. அதில் துப்பாக்கியின் திசை மாறியது. குறிபார், சுடு, முன்னேறு என்ற விதி மட்டும் மாறவில்லை.

விதியையே மாற்ற முயன்றவர்களும் இருக்கிறார்கள். போலந்தின் வார்சாவில் உள்ள 11 பிட் ஸ்டூடியோஸ் 2014இல் வெளியிட்ட ‘திஸ் வார் ஆஃப் மைன்’ ஆட்டத்தில், விளையாடுபவர் போர்வீரர் அல்லர். முற்றுகையிடப்பட்ட நகரத்தில் சிக்கிய பொதுமக்களில் சிலர் அவருடைய பொறுப்பில் இருக்கிறார்கள். 1992 முதல் 1996 வரை நீடித்த சரயேவோ முற்றுகை இதற்குத் தூண்டுதலாக இருந்தது. பகலில் வெளியே தலைகாட்டினால் துப்பாக்கிச் சூடு. இரவில் உணவும் மருந்தும் தேடிப் போக வேண்டும். மருந்து வேண்டுமானால், வயது முதிர்ந்த கணவன் மனைவி தனித்து வாழும் வீட்டிலிருந்து அதைத் திருடலாம். ஆட்டம் தடுக்காது. திருடித் திரும்பியவரை மன வேதனை பிடித்துக்கொள்ளும். அவர் சோர்ந்து வேலை செய்ய மறுக்கலாம், முற்றிலும் மனமுடைந்து போகலாம். மற்ற ஆட்டங்களில் கண்ணில் பட்டதை எல்லாம் வாரிக்கொள்வதே பழக்கமாகிப்போன கைக்கு, இந்த ஒரு விதி தரும் அதிர்ச்சி பெரிது. 2020இல் போலந்து அரசு, பள்ளி மாணவர்களுக்குப் பரிந்துரைக்கும் படைப்புகளின் பட்டியலில் இந்த ஆட்டத்தைச் சேர்ப்பதாக அறிவித்தது. லூக்காஸ் போப் 2013இல் உருவாக்கிய ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ ஆட்டத்தில், கற்பனையான சர்வாதிகார நாடு ஒன்றின் எல்லையில் கடவுச்சீட்டுகளைச் சரிபார்க்கும் ஊழியராக நாம் அமர்கிறோம். எத்தனை பேரைச் சரிபார்க்கிறோமோ அதற்கேற்பவே கூலி. தவறுகள் கூடினால் அபராதம். வீட்டில் குளிரும் பசியும். எதிரில் நின்று கெஞ்சுபவரின் கதையை முழுவதும் கேட்கக்கூட நேரமில்லாத நிலைக்கு நாமே வந்துவிடும்போது, கொடுங்கோன்மைக்கு அலுவலகங்கள் எப்படித் துணைபோகின்றன என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

இத்தனை சொன்ன பிறகு, பண்பாட்டுச் சர்ச்சைகளின் பக்கம் திரும்பினால் ஒரு முரண் தெரிகிறது. ஆட்டங்களைக் குறித்து நடந்த பெரும் சண்டைகளில் மிகப் பல, விதிகளைப் பற்றியவை அல்ல. உடை, கொடி, சின்னம், பெயர் போன்றவற்றைப் பற்றியவை. 2002இல் ‘ஹிட்மேன் 2’ ஆட்டத்தில், சீக்கியர்களின் பொற்கோயிலை நினைவூட்டும் இடத்தில் தலைப்பாகை அணிந்தவர்களைக் கொல்லும் காட்சி இருந்தது. சீக்கிய அமைப்புகள் கண்டித்தபின் அது திருத்தப்பட்டது. 2008இல் ‘ஃபால்அவுட் 3’ ஆட்டத்தை இந்தியாவில் வெளியிடப்போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. பண்பாட்டு உணர்வுகளே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்பட்டது, ஆட்டத்தில் வரும் இரட்டைத் தலைப் பசுக்களுக்கு ‘பிராமின்’ என்று பெயரிட்டிருந்ததுதான் காரணம் என்று பலரும் ஊகித்தார்கள். 2020 நவம்பரில், சீன நிறுவனம் ஒன்றின் ‘ஷைனிங் நிக்கி’ என்ற ஆடை அலங்கார ஆட்டம், தென்கொரியாவில் வெளிவந்த சில நாட்களிலேயே அங்கே மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. ஆட்டத்தில் சேர்க்கப்பட்ட ஹான்போக் என்ற பாரம்பரிய உடை கொரியர்களுடையதா, சீனர்களுடையதா என்ற வழக்கே காரணம். பொம்மைக்கு உடை மாற்றும் விளையாட்டில் இரு நாட்டு மக்கள் வரலாற்று உரிமை கோரி மோதிக்கொள்வார்கள் என்று வடிவமைத்தவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இத்தகைய சினங்களை அற்பம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. தம் வழிபாட்டிடம் சுடுகளமாவதைக் காண்பவரின் வலி உண்மையானது. வரலாற்றைத் திரிக்கும் சித்திரிப்பும் எளிதில் கடந்துபோகக் கூடியதன்று. 1991இல் குவைத்திலிருந்து பின்வாங்கிய ஈராக்கியப் படையை நெடுஞ்சாலையில் வைத்து அமெரிக்கத் தலைமையிலான கூட்டுப்படை குண்டுவீசி அழித்தது. அந்தச் சாலைக்கு ‘மரண நெடுஞ்சாலை’ என்ற பெயர் நிலைத்தது. 2019இல் வந்த ‘கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர்’, அதே பெயருள்ள சாலையைக் கற்பனை நாடு ஒன்றில் வைத்து, குண்டு வீசியவர்கள் ரஷ்யர்கள் என்று கூறியது. வரலாற்று நூல் படிக்காத இளைஞர்கள் அந்தப் பெயரை முதன்முதலில் கேட்பது ஆட்டத்தில்தான் என்றால், பழி கைமாறியதை அவர்கள் அறிய வழியேது?

படத்தை மட்டும் பார்த்துத் தடை விதித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியின் அனுபவம் பாடம். நாஜிச் சின்னங்களைக் காட்டுவதை அந்நாட்டின் குற்றவியல் சட்டம் தடுக்கிறது. கலை, கல்வி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. திரைப்படங்களுக்குக் கிடைத்த அந்த விலக்கு வீடியோ கேம்களுக்கு நீண்ட காலம் நடைமுறையில் கிடைக்கவில்லை. அதனால் 2017இல் வந்த ‘வுல்ஃபென்ஸ்டைன் 2’ ஆட்டத்தின் ஜெர்மன் பதிப்பில் ஹிட்லர் மீசையில்லாமல், வேறு பெயரோடு தோன்றினார். நாஜிகளை எதிர்த்துப் போராடும் ஆட்டம், நாஜிகளின் பெயரையே சொல்லத் தயங்கியது. 2018 ஆகஸ்டில், ஆட்டங்களுக்கு வயதுத் தரச்சான்று வழங்கும் ஜெர்மன் அமைப்பு தன் நிலையை மாற்றிக்கொண்டு, ஒவ்வோர் ஆட்டத்தையும் அதன் சூழலோடு சேர்த்து மதிப்பிடத் தொடங்கியது. அந்த மாற்றத்தின் முதல் பயனாளிகளில் ஒன்று, பெர்லினில் ஹிட்லர் ஆட்சியை மறைவாக எதிர்த்த எளிய மனிதர்களைப் பற்றி பெர்லின் நிறுவனமே உருவாக்கிய ஆட்டம்.

வீடியோ கேம் கருத்து வெளிப்பாடா, வெறும் விற்பனைப் பொருளா என்ற கேள்வி அமெரிக்க நீதிமன்றங்களிலும் எழுந்தது. வன்முறை ஆட்டங்களைச் சிறுவர்களுக்கு விற்பதைத் தடுத்த கலிஃபோர்னியா சட்டத்தை 2011இல் உச்ச நீதிமன்றம் 7-2 என்ற பெரும்பான்மையில் செல்லாது என்று அறிவித்தது. நூல்களையும் நாடகங்களையும் திரைப்படங்களையும் போலவே ஆட்டங்களும் கருத்துகளைத் தெரிவிக்கின்றன, ஆகவே பேச்சுரிமை அவற்றுக்கும் உண்டு என்றது. ஆனால் நீதிமன்றம் தந்த உரிமை செயலிக் கடையின் வாசல்வரைதான் செல்லும். ஆப்பிள் நிறுவனம் 2010இல் வெளியிட்ட நெறிமுறையில், நூல்களிலிருந்தும் பாடல்களிலிருந்தும் செயலிகளைத் தாங்கள் வேறுபடுத்திப் பார்ப்பதாகவும், ஒரு மதத்தை விமர்சிக்க விரும்பினால் நூல் எழுதுமாறும் கூறியிருந்தது. அடுத்த ஆண்டே, கைபேசிக்கான கனிமம் காங்கோவின் சுரங்கங்களில் தோண்டப்படுவது முதல் தொழிலாளர் தற்கொலைகள் வரை காட்டிய ‘போன் ஸ்டோரி’ என்ற ஆட்டம், வெளிவந்த வேகத்திலேயே அக்கடையிலிருந்து நீக்கப்பட்டது. காசாப் போரில் சிக்கிய சிறுமியைப் பற்றிப் பாலஸ்தீன வடிவமைப்பாளர் ஒருவர் உருவாக்கிய ‘லைலா அண்ட் த ஷாடோஸ் ஆஃப் வார்’ படைப்பை, 2016இல் அதே ஆப்பிள் நிறுவனம் ஆட்டம் என்ற வகையில் வெளியிட முதலில் மறுத்து, எதிர்ப்பு எழுந்த பிறகே அனுமதித்தது. அரசின் தணிக்கைக்கு மேல்முறையீடு உண்டு. கடைக்காரரின் தணிக்கைக்கு ஊரார் கூச்சல் ஒன்றுதான் மேல்முறையீடு.

இதுவரை வடிவமைப்பவர்களைப் பற்றியே பேசினோம். விளையாடுபவர்களும் சும்மா இருப்பதில்லை. ஜோசஃப் டிலாப் என்ற அமெரிக்கக் கலைஞர் 2006 முதல், மேலே குறிப்பிட்ட இராணுவ ஆட்டத்துக்குள் நுழைந்து, ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டு, ஈராக்கில் உயிரிழந்த அமெரிக்க வீரர்களின் பெயர்களை உரையாடல் பகுதியில் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தார். மற்றவர்கள் அவரைச் சுடுவார்கள்; மீண்டும் வந்து அடுத்த பெயரை எழுதுவார். 2020இல் ‘அனிமல் கிராசிங்’ ஆட்டத்தில், சொந்தத் தீவை அலங்கரிக்கும் வசதியைப் பயன்படுத்தி ஹாங்காங் மக்கள் போராட்டப் பதாகைகளை வைத்தார்கள். விரைவிலேயே சீன இணையக் கடைகளிலிருந்து அந்த ஆட்டம் மறைந்தது. அதே ஆண்டு மார்ச்சில், எல்லைகளற்ற நிருபர்கள் அமைப்பு ‘மைன்கிராஃப்ட்’டுக்குள் பெரிய நூலகம் ஒன்றைக் கட்டி, பல நாடுகளில் தடைசெய்யப்பட்ட கட்டுரைகளை அங்கே வைத்தது. செய்தித்தளங்களை முடக்கும் அரசுகளும் ஒரு கட்டுமான விளையாட்டை முடக்க நினைப்பதில்லை என்பதே அந்தத் திட்டத்தின் சூட்சுமம்.

‘ஆட்டத்தில் அரசியல் வேண்டாம்’ என்ற குரல் அவ்வப்போது உரக்க எழுகிறது. 2014இல் ‘கேமர்கேட்’ என்ற பெயரில் நடந்த இணையக் கொந்தளிப்பில் இது உச்சத்தைத் தொட்டது. விளையாட்டு இதழியலின் நேர்மையைக் கேட்கிறோம் என்று பலர் சொன்னாலும், நடைமுறையில் பெண் வடிவமைப்பாளர்களும் விமர்சகர்களும் கொலை மிரட்டல்களுக்கு ஆளானார்கள், சிலர் வீட்டை விட்டே வெளியேற நேர்ந்தது. பழக்கப்பட்ட அரசியல் கண்ணுக்குத் தெரியாது. புதிதாக வருவதுதான் உறுத்தும். படைவீரர் ஆட்டத்தை அரசியல் என்று எண்ணாதவர், அகதி ஆட்டத்தை மட்டும் அரசியல் என்கிறார்.

விதியைப் பார்த்தே எழுந்த மறுப்பு ஒன்றும் உண்டு. ‘சிவிலைசேஷன் 6’ ஆட்டத்துக்கு 2018 பிப்ரவரியில் வந்த விரிவாக்கத்தில், கனடாவின் கிரீ பழங்குடித் தலைவர் பவுண்ட்மேக்கர் ஒரு பாத்திரமாகச் சேர்க்கப்பட்டார். உருவமும் இசையும் கவனத்தோடு அமைக்கப்பட்டிருந்தன. அவர் கிரீ மொழியிலேயே பேசினார். ஆயினும் அவர் பெயரைத் தாங்கிய பழங்குடிச் சமூகமான பவுண்ட்மேக்கர் கிரீ நேஷனின் இன்றைய தலைவர்களில் ஒருவர், பிறர் நிலத்தை வென்று ஆள்வதையே இலக்காகக் கொண்ட ஆட்டத்தில் தம் முன்னோரை வைப்பது, குடியேற்ற ஆட்சியாளர்களின் மதிப்பீடுகளே பழங்குடியினருக்கும் இருந்தன என்ற கட்டுக்கதையைத் தொடரச் செய்கிறது என்று வெளிப்படையாகக் கூறினார். நிலம் தங்கள் உடைமை என்ற எண்ணம் தம் மக்களிடம் இருந்ததில்லை என்பது இந்த மறுப்பின் அடிநாதம். அந்த ஆட்டத்தில் கிரீ மக்களுக்கென்று கொடுக்கப்பட்டுள்ள தனித்திறன்களில் ஒன்று இது: அவர்களுடைய வணிகர், கிரீ நகரத்துக்கு அருகில் உரிமையாளர் இல்லாத நிலத்தில் கால்வைத்தவுடன், அந்த நிலம் கிரீ அரசின் எல்லைக்குள் வந்துவிடும்.